பழைய ரொட்டி டின்னில் ஜெர்மன் பதக்கம் கிடைத்தால்: அது என்ன, எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கும் வழி

எங்கள் தாத்தா மலேசியாவில், கெடா மாநிலத்துப் பாடாங் செராய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் துரை பங்களாவில் குசினி வேலை பார்த்தவர். துரை சீமைக்குத் திரும்பும்போது வேலையாட்களுக்கு ஆளுக்கொரு சாமான் கொடுத்துவிட்டுப் போனாராம். தாத்தாவுக்கு ஒரு மேசைக் கடிகாரம், இரண்டு கம்பளி, அப்புறம் ஒரு ரொட்டி டின். டின்னில் பொத்தான், துருப்பிடித்த சாவி, பேனா முள் இவற்றோடு துணியில் சுற்றிய ஒரு பட்டை இருந்தது, அதில் நாடாவோடு மூன்று பதக்கங்கள் வரிசையாகத் தொங்கின. வீட்டில் சொல்லப்பட்ட கதை இதுதான்: முதல் உலகப் போரில் துரை ஒரு ஜெர்மன் சிப்பாயை வீழ்த்தி அவன் நெஞ்சிலிருந்து பிடுங்கியது. ஐம்பது அறுபது வருடம் அந்தக் கதையை யாரும் கேள்வி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, நாடாவைச் சரியாகப் படிக்கக் கற்றுக்கொள்ளும் வரைக்கும்.

இந்த மாதிரி சாமான் நம் பக்கத்தில் நினைப்பதைவிட அதிகமாக இருக்கிறது. தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களின் இரும்புப் பெட்டியில், பழைய பேப்பர் லோரிக்காரரின் சாக்கில், பினாங்கு பழைய சாமான் சந்தையில் என்று எங்கேயாவது ஒன்று கண்ணில் படும். உங்கள் கையில் ஒன்று வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

முதலில், தேய்க்காதீர்கள். தீபாவளிக்குக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிற கை நமக்கு, பழசாக எதைப் பார்த்தாலும் அது துறுதுறுக்கும். எங்கள் அத்தை அப்படித்தான் நல்ல எண்ணத்தில் ஒரு சிலுவையின் ஒரு கரத்தைப் புளியும் திருநீறும் போட்டுத் தேய்த்துவிட்டார், கறுப்புச் சாயம் கரைந்து உள்ளே இருந்த இரும்பு தெரிந்துவிட்டது. இனி அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இரும்புச் சிலுவை என்பது கறுப்பாகத்தான் இருக்க வேண்டும், அந்தக் கறுப்பும் விளிம்பு வெள்ளியில் படிந்த மங்கலும்தான் அதன் வயதுக்குச் சாட்சி. நாடாவையும் துவைக்காதீர்கள், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். பட்டையில் தைத்திருக்கும் பதக்கத்தைத் தனியாகப் பிரிக்கவே கூடாது. தையல் பிரிந்தால் பாதி வரலாறு அதோடு போய்விடும்.

அப்புறம் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். ஜன்னல் ஓர வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்து. முன்பக்கம் மட்டும் போதாது. பின்பக்கம், விளிம்பு, நாடா கோர்க்கும் வளையம், பட்டையின் முதுகுத் துணி, ஊசி எல்லாம் வேண்டும். உண்மையில் முன்பக்கத்தைவிட இவைதான் அதிகம் பேசும்.

அது ஜெர்மன் பதக்கமே தானா என்பது அடுத்த கேள்வி. நம் தோட்டங்களில் அதிகம் கிடைப்பது பிரிட்டிஷ் பதக்கங்கள்தான். ஊதா நாடா, நடுவில் பச்சைக் கோடு, மேலே 'மலாயா' என்று ஒரு சின்னக் கம்பி இருந்தால் அது மலாயா அவசரகாலத்தில் (1948-60, கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு சண்டை நடந்த காலம்) இங்கே பணியாற்றியவருக்குக் கொடுத்தது. முதல் உலகப் போர் முடிந்தபின் கொடுத்த வட்டமான வெள்ளிப் பதக்கத்தின் நாடா நடுவில் ஆரஞ்சு, பக்கத்தில் வெள்ளை, கறுப்பு, ஓரத்தில் நீலம். இவற்றில் பெரும்பாலானவற்றின் விளிம்பில் வாங்கியவரின் எண், பெயர், படைப்பிரிவு பொறிக்கப்பட்டிருக்கும், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியும். ஜெர்மன் பதக்கத்தில் இந்த வசதி கிடையாது. மிகச் சில தவிர எதிலும் பெயர் இருக்காது. இதை ஆரம்பத்திலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் தேடலின் கஷ்டமெல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகிறது: பதக்கம் என்ன என்பதை ஒரு மாலையில் கண்டுபிடித்துவிடலாம், யாருடையது என்பதைக் காகிதமோ, பெயரோ, ஒரு சீட்டோ இல்லாமல் கண்டுபிடிப்பது மிகவும் கடினம்.

சரி, எல்லாருக்கும் தெரிந்த இரும்புச் சிலுவையிலிருந்து தொடங்குவோம். இதை, பிற்பாடு ஜெர்மனியை ஒன்றுசேர்த்த பிரஷ்யா அரசின் மன்னர் மூன்றாம் ஃபிரடரிக் வில்லியம் 1813-இல், நெப்போலியனோடு நடந்த போரின்போது ஏற்படுத்தினார். பிறகு 1870, 1914, 1939 என்று மூன்று முறை புதுப்பித்தார்கள். எந்தப் போருக்கு உரியது என்பதைக் கீழ்க்கரத்தில் இருக்கும் ஆண்டு சொல்லிவிடும். 1914 சிலுவையில் மேலே கிரீடம், நடுவில் அன்றைய ஜெர்மன் மன்னர் இரண்டாம் வில்லியமைக் குறிக்கும் 'டபிள்யூ' எழுத்து, கீழே 1914. பின்பக்கம் கிரீடத்தோடு 'எஃப்', 'டபிள்யூ' என்ற பின்னல் எழுத்து, நடுவில் கருவாலி இலைகள், கீழே 1813. நிறைய பேர் பின்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு '1813-ஆம் வருடத்துப் பதக்கம்' என்று சந்தோஷப்பட்டுவிடுகிறார்கள். அது தொடங்கிய ஆண்டின் நினைவுக்காகப் போட்டது. திருப்பிப் பாருங்கள்.

சிலுவையில் வகுப்பு உண்டு. நாடாவில் தொங்குவது இரண்டாம் வகுப்பு. பின்பக்கம் ஊசி வைத்து, நாடா இல்லாமல் நேராக நெஞ்சில் குத்துவது முதல் வகுப்பு. முதல் உலகப் போரில் மட்டும் இரண்டாம் வகுப்பு ஏறக்குறைய 50 லட்சம் பேருக்குக் கொடுக்கப்பட்டது, முதல் வகுப்பு சுமார் 2 லட்சத்துச் சொச்சம். ஆகவே கையில் இருப்பது அரிய பொக்கிஷம், இதை விற்றால் வீடு வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இதன் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது.

எடையும் அளவும் பாருங்கள். 1914 இரண்டாம் வகுப்பு சுமார் 42 மில்லிமீட்டர் அகலம், 1939 சுமார் 44. செய்த விதம் இப்படி: நடுவில் கறுப்புப் பூசிய இரும்புத் தகடு, அதை முன்னும் பின்னும் இரண்டு விளிம்புச் சட்டங்களால் மூடிப் பற்றவைத்திருப்பார்கள். அதனால் விளிம்பைச் சுற்றிக் கூர்ந்து பார்த்தால் மெல்லிய பொருத்துக்கோடு தெரியும், சில இடத்தில் நன்றாக ராவி மறைத்திருந்தாலும் எங்காவது ஓரிடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தத்தை நடுப்பகுதியில் வையுங்கள், பெரும்பாலும் ஒட்ட வேண்டும். பித்தளை நடுப்பகுதி வைத்த உண்மையான சிலுவைகளும் உண்டு, ஆகவே காந்தம் ஒட்டவில்லை என்பதற்காக மட்டும் தூக்கி எறிய வேண்டாம். ஒரே வார்ப்பில் ஊற்றிய மாதிரி, பொருத்துக்கோடே இல்லாமல், ஆண்டு எழுத்துகள் மழுங்கிப்போய் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். நாடா வளையத்தில் செய்தவரின் முத்திரை இருக்கலாம். 1914 சிலுவைகளில் எழுத்து: உதாரணமாக 'எஸ்', நடுவில் சின்னக் கோடு, 'டபிள்யூ' என்றால் பெர்லினில் இருந்த ஸி உண்ட் வாக்னர். 1939-க்குப் பிந்தியதில் பெரும்பாலும் எண்: 4 என்றால் லூடன்ஷைட் நகரத்து ஸ்டைன்ஹவர் உண்ட் லூக், 65 என்றால் இடார்-ஓபர்ஷ்டைன் நகரத்து கிளைன் உண்ட் குவென்ட்சர், 100 என்றால் மிட்வைடா நகரத்து வாக்ட்லர் உண்ட் லாங்க. முத்திரையே இல்லாததும் ஏராளம், அதில் தப்பொன்றும் இல்லை. முத்திரை செய்தவரைச் சொல்லும், அணிந்தவரைச் சொல்லாது.

போலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு சந்தையில் ஒருவர் எனக்கு ஒரு சிலுவையை நீட்டினார், நடுவில் 'டபிள்யூ', கீழே 1939. 'டபிள்யூ' மன்னருடையது, அவர் 1918-லேயே அரியணை இழந்தவர். 1939 சிலுவையின் நடுவில் நாஜிகளின் ஸ்வஸ்திக் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே சிலுவையில் வர வாய்ப்பே இல்லை. நான் 80 ரிங்கிட்டுக்கு வாங்க இருந்ததை அந்த ஒரு எழுத்து தடுத்தது. இன்னொரு சோதனை புற ஊதா விளக்கு, நோட்டைச் சோதிக்க வைத்திருப்பார்களே அந்தச் சின்ன விளக்கு, ஷோப்பி இணையக் கடையில் மலிவாகக் கிடைக்கும். இருட்டில் நாடா மேலும் தையல் நூல் மேலும் அடித்தால், இந்தக் காலத்துச் செயற்கை நூல் நீல வெள்ளையாக ஒளிரும், பழைய பருத்தியும் பட்டும் மங்கலாகவே கிடக்கும். ஆனால் சோப்புத்தூளில் வெளுப்பு தரும் ரசாயனம் இருக்கிறது, துவைத்த பழைய நாடாவும் அப்படியே ஒளிரும். நாடாவைத் துவைக்காதீர்கள் என்று சொன்னது இதனால்தான், நல்ல சாமானையே போலி போல ஆக்கிவிடும்.

இப்போது நாடா. எனக்கு இதில் பிடித்த பகுதி இதுதான். ஜெர்மன் சிப்பாய்கள் இரண்டாம் வகுப்புச் சிலுவையைத் தினமும் தொங்கவிட்டுக்கொண்டு திரிவதில்லை. வாங்கிய நாளிலும் விழாவிலும் அணிவார்கள், மற்ற நாளில் நாடாவை மட்டும் சட்டைப் பொத்தான் துளையில் செருகிக்கொள்வார்கள், அல்லது நாடாக்களை மட்டும் சின்னப் பட்டையாகத் தைத்து நெஞ்சில் குத்திக்கொள்வார்கள். ஆகவே பதக்கமே இல்லாமல் வண்ண வண்ணமாக நாடாப் பட்டை மட்டும் உங்களுக்குக் கிடைக்கலாம், அதையும் படிக்க முடியும்.

கறுப்பு நாடா, இரண்டு ஓரத்தையும் ஒட்டி வெள்ளைக் கோடு என்றால் 1914 இரும்புச் சிலுவை, போர்முனையில் நின்றவருக்கு. அதையே திருப்பிப்போட்டு வெள்ளை நாடாவில் கறுப்புக் கோடு என்றால் போர்முனைக்குப் போகாமல் பின்னால் உதவியவருக்கு, இது குறைவாகத்தான் கொடுக்கப்பட்டது. நடுவில் அகலச் சிவப்பு, இருபுறம் வெள்ளை, ஓரம் கறுப்பு என்றால் 1939 இரும்புச் சிலுவை. நடுவில் அகலக் கறுப்பு, இருபுறம் வெள்ளை, ஓரம் சிவப்பு என்றால் அதே 1939-இல் வந்த போர்ச்சேவைச் சிலுவை. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று உள்வெளியாக மாறியது மாதிரி இருப்பதால் எல்லாரும் குழப்பிக்கொள்வார்கள், நடு நிறத்தை மட்டும் பாருங்கள், போதும். சிவப்பு நாடா, நடுவில் மெல்லிய வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்றால் 1941-42 பனிக்காலத்தில் ரஷ்யப் போர்முனையில் இருந்தவர்களுக்கு 1942 மே மாதம் ஏற்படுத்திய பதக்கம். சிப்பாய்கள் அதற்கு 'உறைந்த இறைச்சிப் பதக்கம்' என்று பெயர் வைத்தார்கள், எவ்வளவு பேர் குளிரில் விறைத்துச் செத்தார்கள் என்று அந்தப் பெயரிலேயே தெரிகிறது. வெளிர்நீல நாடாவில் சின்ன உலோகக் கழுகு என்றால் நாலு, பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்தைந்து என்று பல வருடம் படையில் இருந்ததற்கு 1936-இல் தொடங்கிய நீண்ட சேவை விருது.

கறுப்பு, வெள்ளை, கறுப்பு, நடுவில் சிவப்பு, மறுபடி கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று ஏழு கோடாக ஒரு நாடா வரும். இதை நன்றாக நினைவில் வையுங்கள், அதிகம் கிடைப்பது இதுதான். 1914-18 போரில் இருந்தவர்களுக்காக 1934 ஜூலை 13-இல் அன்றைய அதிபர் ஹிண்டன்பர்க் ஏற்படுத்திய கௌரவச் சிலுவை. விண்ணப்பித்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள், போர்முனைச் சிப்பாய்களுக்கு மட்டுமே 60 லட்சத்துக்கு மேல். வாள் இரண்டு குறுக்காக இருந்தால் போர்முனைக்காரர், வாள் இல்லாவிட்டால் மற்றவர், கறுப்பு வண்ணத்தில் வாள் இல்லாமல் இருந்தால் இறந்துபோன சிப்பாயின் மனைவிக்கோ பெற்றோருக்கோ கொடுத்தது. அந்தக் கறுப்புச் சிலுவையை முதன்முதலாகக் கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அது ஒரு தாயின் கையில் இருந்த சாமானாக இருக்கலாம்.

சரி, எங்கள் டின்னுக்கு வருகிறேன். பட்டையில் முதலாவது 1914 இரும்புச் சிலுவை. மூன்றாவது வாளோடு கூடிய கௌரவச் சிலுவை, மாலையின் நடுவில் 1914, 1918 என்று இருக்கிறது. நடுவில் இருப்பது வெண்கல நிறச் சிலுவை, வெள்ளை நாடா, ஓரங்களில் கறுப்பும் நீலமுமாகக் கோடு. சிலுவையின் நடுவட்டத்தில் 'எல்' எழுத்தும் சுற்றி 'மெரென்டி' என்ற லத்தீன் வார்த்தையும், திருப்பினால் ஒரு சிங்கமும் 1866-ம். இது பவேரியாவின் படைச்சேவைச் சிலுவை, அதன் மன்னர் இரண்டாம் லுட்விக் 1866-இல் தொடங்கியது. ஒரு விஷயம் புரிய வேண்டும்: 1918 வரை ஜெர்மனி ஒரே நாடாக இருந்தாலும் பவேரியா, சாக்சனி, வூர்ட்டம்பெர்க், பாடன், ஹாம்பர்க் மாதிரி உள்நாட்டு அரசுகள் தங்கள் தங்கள் பதக்கங்களைத் தனியாகக் கொடுத்தன. ஹாம்பர்க், பிரேமன், லூபெக் மூன்று துறைமுக நகரங்களுக்கும் சிவப்பு எனாமல் சிலுவை உண்டு, நடுவில் இருக்கும் நகரச் சின்னம் மட்டும் மாறும். அதனால் இரும்புச் சிலுவைக்குப் பக்கத்தில் என்ன தொங்குகிறது என்று பார்த்தால் அந்த மனிதன் எந்த ஊர்ப் படையில் இருந்தான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இரும்புச் சிலுவை தனியாக இருந்தால் அது எங்கிருந்தும் வந்திருக்கலாம், பக்கத்தில் இருப்பதுதான் விலாசம். எங்கள் ஆள் பவேரியாக்காரர். பட்டையின் முதுகில் பழைய கம்பளித் துணி, அதில் பாதி கிழிந்த சின்னச் சீட்டு, அதில் 'மியூன்கன்', அதாவது மியூனிக், என்ற ஊர்ப் பெயரும் தெருப் பெயரின் கடைசி நாலு எழுத்தும் மட்டும் மிச்சம். கடைப் பெயர் போய்விட்டது.

இப்போது கணக்குப் போடுங்கள். மூன்று நாடாவும் ஒரே நூலில், ஒரே துணியில், ஒரே கை தைத்தது. மூன்றாவது பதக்கம் 1934 ஜூலைக்கு முன் உலகத்திலேயே இல்லை. அப்படியென்றால் இந்தப் பட்டை 1934-க்குப் பிறகு தைக்கப்பட்டது. முதல் உலகப் போரில், 1918-க்குள், எந்த ஜெர்மன் சிப்பாயின் நெஞ்சிலிருந்தும் இதைப் பிடுங்கியிருக்க முடியாது. தாத்தா சொன்ன கதை தவறு.

எனக்கு அது வருத்தமாகத்தான் இருந்தது, தாத்தா பொய் சொன்னார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்று. அவர் கேட்டதைச் சொன்னார். பிறகு அந்தத் தோட்டத்து ஆபிசில் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற ஒரு கிராணியைத் தேடிப் போய்ப் பார்த்தேன், தொண்ணூறு வயதுக்கு மேல், நினைவு மட்டும் தெளிவு. கதையைச் சொன்னதும் தலையை ஆட்டிவிட்டார். "அந்தத் துரை ஜப்பான்காரன் வர்றதுக்கு முன்ன இங்க இல்லவே இல்லப்பா தம்பி. சண்டை முடிஞ்சுதான் வந்தாரு. ஜெர்மன்ல பட்டாளத்துல இருந்துட்டு நேரா இங்க வந்தவரு" என்றார். அதாவது 1945 வாக்கில் தோற்றுப்போன ஜெர்மனியில் நின்ற பிரிட்டிஷ் படையில் இருந்தவர். மியூனிக் அமெரிக்கர்கள் பொறுப்பில் இருந்த ஊர், ஆகவே அங்கேயே எடுத்தாரா, வேறு யாரிடமாவது சிகரெட்டுக்கு மாற்றி வாங்கினாரா என்று சொல்ல முடியாது. ஆனால் நாடாவும் கிராணியின் வாயும் ஒரே திசையைக் காட்டின. பெரியவர் அடுத்த வருடம் காலமாகிவிட்டார். நான் ஒரு வருடம் தள்ளிப் போயிருந்தால் இந்த ஒரு வரி யாருக்கும் தெரியாமல் போயிருக்கும், அதனால்தான் இதை எல்லாரிடமும் அழுத்திச் சொல்கிறேன்: காந்தமும் பூதக்கண்ணாடியும் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம், முதலில் வயதானவர்களிடம் போய்க் கேளுங்கள். யார் கொடுத்தது, எந்தத் தோட்டம், எந்தத் துரை, எந்த வருடம், எந்தப் பெட்டியில் இருந்தது. தொலைபேசியில் பதிவு செய்யுங்கள், பிறகு அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள்.

நம் பக்கத்துக்கு ஜெர்மன் சாமான் வந்த வழிகள் வேறும் உண்டு. எம்டன் எல்லாருக்கும் தெரியும், பலே கெட்டிக்காரனை 'சரியான எம்டன்' என்கிறோமே, அந்தக் கப்பல்தான். 1914 செப்டம்பர் 22-இல் சென்னையில் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது. அக்டோபர் 28-இல் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து ரஷ்யப் போர்க்கப்பல் செம்சுக்கை மூழ்கடித்தது, வெளியேறும்போது பிரெஞ்சுக் கப்பல் மூஸ்கேயையும். நவம்பர் 9-இல் கோக்கோஸ் தீவில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் சிக்கியது. ஆனால் 'எம்டன் மாலுமியின் இரும்புச் சிலுவை, பினாங்கில் கிடைத்தது' என்று யாராவது விற்றால் யோசியுங்கள். கப்பல் கடலிலேயே இருந்தது, பதக்கம் அவர்கள் கைக்கு அப்போது வந்திருக்க வழியில்லை. நம்பத்தகுந்த வழி இன்னொன்று: ஜப்பானியர் காலத்தில், 1943 ஜூலையிலிருந்து ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் பினாங்கைத் தளமாக வைத்திருந்தன. அந்த மாலுமிகள் ஜார்ஜ் டவுன் தெருக்களில் நடந்தார்கள். மாலைக்குள் நீர்மூழ்கிக் கப்பல் படம் போட்ட பேட்ஜோ 1939 நாடாவோ பினாங்கு, கெடா பக்கத்து வீட்டில் கிடைத்தால் அது அவர்களிடமிருந்து வந்திருக்க நியாயமான வாய்ப்பு உண்டு. அதே மாதங்களில்தான் நம் தோட்டத்து ஆட்களை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்கு லோரி லோரியாக ஏற்றிக்கொண்டு போனான். ஒரு பேட்ஜைக் கையில் பிடித்திருக்கும்போது இதுவும் எனக்கு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

ஸ்வஸ்திக் விஷயத்தையும் நேராகவே பேசிவிடுவோம். சுங்கை பட்டாணியில் ஒரு வீட்டில் 1939 சிலுவையைச் சாமி மேடையில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள், நடுவில் ஸ்வஸ்திக் இருந்ததால் மங்களச் சின்னம் என்று பாட்டி நினைத்து வைத்தது. பாட்டியிடம் தப்பில்லை. ஆனால் அது 60 லட்சம் யூதர்களைக் கொன்ற ஆட்சியின் சின்னம், சாய்ந்து நிற்கும் அந்தக் குறி நம் வாசல் கோலத்தில் போடுவது அல்ல. பொறுமையாகச் சொன்னதும் அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். வரலாற்றுப் பொருளாக வைத்துக்கொள்ளுங்கள், பெருமைக்காக அணியாதீர்கள். ஜெர்மனியில் இதைப் பொதுவில் காட்டுவது குற்றவியல் சட்டம் 86ஏ பிரிவின் கீழ் தண்டனைக்குரியது. 1957-இல் மேற்கு ஜெர்மனி ஒரு சட்டம் போட்டு, பழைய வீரர்கள் ஸ்வஸ்திக் நீக்கிய வடிவத்தை மட்டும் அணியலாம் என்றது. அதனால் கீழே 1939 இருந்தும் நடுவில் மூன்று கருவாலி இலைகள் மட்டும் இருக்கும் சிலுவை கிடைத்தால் போலி என்று ஒதுக்காதீர்கள், அது 1957-க்குப் பிந்திய செய்முறை.

அடுத்து, ஆளைத் தேடுவது. பதக்கத்தோடு ஏதாவது காகிதம் இருந்தால் அதிர்ஷ்டம். கௌரவச் சிலுவைக்குத் தனிச் சான்றிதழ் உண்டு, அதில் வாங்கியவரின் பெயர், ஊர், தேதி, கொடுத்த அலுவலகத்தின் முத்திரை எல்லாம் இருக்கும். சிப்பாயின் சம்பளப் புத்தகம், படைக் கடவுச்சீட்டு இருந்தால் இன்னும் நல்லது, என்ன விருது எந்தத் தேதியில் என்று அதிலேயே எழுதியிருக்கும். அச்செழுத்து பழைய உடைந்த பாணி, 'எஸ்' எழுத்து 'எஃப்' மாதிரி தெரியும், அதில்தான் பெயரைத் தப்பாகப் படித்துவிட்டு வருடக்கணக்கில் தப்பான ஆளைத் தேடுவார்கள். கையெழுத்து அதைவிடக் கஷ்டம். ட்ரான்ஸ்கிரிபஸ் என்ற மென்பொருள் பழைய ஜெர்மன் கையெழுத்தை ஓரளவு படித்துத் தரும், பெயரையும் ஊரையும் மட்டும் எழுத்தெழுத்தாக நீங்களே ஒரு முறை சரிபாருங்கள்.

பெயர் கிடைத்தால் எங்கே போவது என்பது அவர் எந்தப் படையில் இருந்தார் என்பதைப் பொறுத்தது. பிரஷ்யப் படையின் ஆவணங்கள் பாட்ஸ்டாமில் இருந்தன, 1945 ஏப்ரல் குண்டுவீச்சில் பெரும்பகுதி எரிந்துபோனது. அதனால் பிரஷ்யச் சிப்பாய் என்றால் பலருக்கும் அங்கேயே பாதை அடைபடும். பவேரியா, வூர்ட்டம்பெர்க், பாடன், சாக்சனி ஆவணங்கள் தப்பித்தன. முறையே மியூனிக், ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹ, டிரெஸ்டன் நகரத்து ஆவணக்காப்பகங்களில் தேட வேண்டும். பவேரியாவின் முதல் உலகப் போர்ப் படைப் பதிவேடுகளை ஆன்செஸ்ட்ரி என்ற வம்சாவளித் தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். உள்நாட்டு அரசின் பதக்கத்தைக் கண்டுபிடிப்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்று இப்போது புரிந்திருக்கும், தேடலுக்குக் கதவு இருக்கிறதா இல்லையா என்பதையே அது முடிவு செய்கிறது.

காயம்பட்டோ இறந்தோ காணாமல்போயோ இருந்தால் முதல் போரின் இழப்புப் பட்டியல்களில் பெயர் இருக்கும். ஜெர்மன் வம்சாவளி ஆர்வலர்கள் சங்கம் ஒன்று அந்தப் பட்டியல் முழுவதையும் இணையத்தில் இலவசமாகத் தேடும்படி செய்திருக்கிறது. பெயர் மட்டும் போட்டால் நூற்றுக்கணக்கில் வரும், ஊரையும் சேர்த்துத் தேடுங்கள். கூடவே காயப் பதக்கம் இருந்தால் அதுவும் துப்பு: ஒன்றிரண்டு காயத்துக்குக் கறுப்பு, மூன்று நான்குக்கு வெள்ளி, ஐந்துக்கு மேல் தங்க நிறம். போரில் இறந்தவரின் கல்லறையை ஜெர்மன் போர்க்கல்லறைப் பராமரிப்புச் சங்கத்தின் தளத்தில் தேடலாம். இரண்டாம் உலகப் போர்ச் சிப்பாய் என்றால், முன்பு பெர்லினில் தனி அலுவலகமாக இருந்த பதிவேடுகள் 2019 ஜனவரியிலிருந்து ஜெர்மன் கூட்டரசு ஆவணக்காப்பகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. விண்ணப்பப் படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும், பதில் வர மாதக்கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும். பிறந்த தேதி தெரிந்தால் வேலை பாதி முடிந்தது. கடிதத்தை மொழிபெயர்ப்புச் செயலியில் ஜெர்மனுக்கு மாற்றி, ஆங்கிலத்தையும் கீழே சேர்த்து அனுப்புங்கள், சுருக்கமாக, ஒரு கடிதத்துக்கு ஒரே ஆள்.

எங்கள் பட்டையில் பெயர் இல்லை. ஆகவே நான் அந்தக் கிழிந்த சீட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பழைய ஜெர்மன் நகரங்களின் முகவரிப் புத்தகங்கள் நிறைய இணையத்தில் ஏற்றப்பட்டிருக்கின்றன, 1934-க்குப் பிந்திய மியூனிக் புத்தகங்களில் பதக்கமும் நாடாவும் விற்ற கடைகளை ஒவ்வொன்றாகக் குறித்து, சீட்டில் மிச்சமிருக்கும் தெருப் பெயரின் கடைசி நாலு எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். இப்போதைக்கு இரண்டு கடை பொருந்துகிறது.

பாதுகாப்பதற்கு நம் ஊர்க் காற்று பெரிய எதிரி. இரும்பு துருப்பிடிக்கும், நாடாவில் பூசணம் பிடிக்கும், இராமபாணப் பூச்சி துணியைத் தின்னும். பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடாதீர்கள், வியர்த்து ஒட்டிக்கொள்ளும். கேமரா வைக்கும் ஈரமகற்றும் பெட்டி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, பதக்கத்தைச் சாயமில்லாத வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், பொட்டலத்தை அடிக்கடி மாற்றுங்கள். ரசகற்பூரம் வேண்டாம். எடுக்கும்போது வெறுங்கையில் உலோகத்தைத் தொடாமல் ஓரத்தைப் பிடியுங்கள். அதே டப்பாவில் ஒரு தாள் வையுங்கள்: கிடைத்த இடம், கொடுத்தவர், கேட்ட கதை, நீங்கள் கண்டுபிடித்தது, கதையில் எது பொருந்தவில்லை. எங்கள் தாளில் தாத்தா சொன்ன கதையையும் அடிக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன், அதற்குக் கீழே கிராணி சொன்னது, அதற்கும் கீழே நாடா சொன்னது.